கிளம்பாத பொட்டி

இல்ல தம்பி, கீழ எல்லாம் போடல. அந்த ஓரத்துல நசுங்கியிருக்கே, அது போன குளிருக்கு எங்க வீட்டு ஆட்டுக்குட்டி முட்டினது. வெளிய விட்டா விறைச்சுடும்னு உள்ள கட்டியிருந்தோம். முட்டினதுக்கு அப்புறமும் பொட்டி நல்லாத்தான் ஓடுச்சு. குட்டிதான் கொஞ்ச நாள் ஒரு தினுசா திரிஞ்சுது.

கரத்தாவ்லேருந்து வர்றேன். ஷேர் டாக்ஸியில, கம்பளியில சுத்தி மடியிலயே வெச்சுக்கிட்டு. டிரைவர் வழி பூரா மெதுவாப் பேசினான். தராஸ் வந்து எறங்கறப்பதான் கேக்கறான், குழந்தைக்கு என்ன உடம்புக்குன்னு. கம்ப்யூட்டர்டான்னு சொன்னேன். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு அவனுக்கு. பாட்டு கூடப் போடாம வந்திருக்கான், பாவம்.

என்னது, இப்ப ஸ்விட்ச் போடக்கூடாதா? ஓ... குளிர்ல வந்த பொட்டி, உள்ள சூட்டுக்கு வேர்க்குமா. ஆமாமா, என் கண்ணாடியும் அப்படித்தான் இருக்கு, உங்க மூஞ்சியே சரியாத் தெரியல. காயட்டும், காயட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அதாவது, சனிக்கிழமை வரைக்கும்தான் டைம். ஆனா இங்க உக்கார்றதுக்கு அவசரமில்லன்னு சொல்றேன். இந்த ஸ்டூலு தாங்குமா?

ம். துடைச்சுட்டேன். இப்பத் தெரியுது. நல்லா இருக்கீங்க... இல்ல, ஒண்ணுமில்ல, காதைப் பாத்தேன். நல்ல காது.

கடை உங்களோடதேவா? பரவால்லயே. இந்த வயசுல சொந்தக் கடை. மார்க்கெட்டுக்கு அடியில இருந்தா என்ன, சூடா இருக்கு, சுத்தமா இருக்கு. எந்த வழி நீங்க? சும்மா கேக்கறேன், வயசானவன் கேட்டாச் சொல்லணும்ல. அந்த ஏழு தலைமுறைப் பேரைச் சொல்லுங்க பாப்போம், அப்பாவுல ஆரம்பிச்சு. ம்... ம்... அட, தடுமாறாமச் சொல்றீங்களே. இந்தக் காலத்துப் பசங்களுக்கு மூணாவது தாத்தாவிலயே மூச்சு வாங்குது. ஏழாவது யாரு சொன்னீங்க? இன்னொரு வாட்டி. பைமுராத். சரி சரி. நல்ல மனுஷன். நான் எங்க பாத்தேன், கேள்விப்பட்டதுதான்.

அம்மா பக்கம்? தாய்மாமன் யாரு?

யாரும் இல்லையா. எல்லாரும் போயிட்டாங்களா. ஓ. யாரு சொன்னா? அம்மா சொன்னாங்களா. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். எப்படிப் போனாங்களாம்? அது சொல்லலையா. சரி விடுங்க. அவங்க உடம்பெல்லாம் நல்லாருக்கா, அம்மாவுக்கு? முட்டி வலி கிட்டி வலி ஒண்ணும் இல்லையே? எல்லார் வீட்லயும் கேக்கறதுதான தம்பி. நீங்க அந்த ஸ்க்ரூவைப் பாருங்க.

நடந்தது இதான். எங்க பக்கத்து வீட்டுல தெமிர்கான்னு ஒருத்தன். டிஷ் ஆன்டெனா மாட்டறவன். மொட்டை மாடியில நின்னுக்கிட்டு வானத்தையே சரி பண்றவன் மாதிரி பேசுவான். அவன்கிட்ட ஒரு சின்ன சந்தேகம் கேக்கப் போனேன். வந்து பாத்தான். டிஸ்க் கரகரங்குது, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, நான் புதுசு ஒண்ணு போட்டுத் தர்றேன், பழசுல இருக்கற அத்தனையும் அதுல ஏத்திடறேன்னான். சாயங்காலம் வரைக்கும் ஏத்தினான். என் பொண்டாட்டி அவனுக்கு மாவு உருட்டி ஒரு சட்டி பவுர்சாக் பொரிச்சுப் போட்டா. எல்லாத்தையும் தின்னுட்டு, பழசைக் கழட்டிட்டு, புதுசை மாட்டிட்டு, பட்டனை அமுக்கினான். திரை கறுத்துப் போச்சு. அவன் மூஞ்சியும் கறுத்துப் போச்சு. காலையில சரியாயிடும்னு சொல்லிட்டுப் போனான். சாஞ்சு போன ஆன்டெனாவா அது, காத்து அடங்கினா சரியாக?

உள்ள என்ன இருக்குன்னு கேக்கறீங்க. படம் இருக்கு. என் மக அக்போத்தாவுக்கு சனிக்கிழமை வழியனுப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து அழைச்சுட்டுப் போறாங்க. மண்டபத்துல பெரிய திரையில ஓட விடறதுக்குன்னு அவளே உக்காந்து ஒரு படம் பண்ணியிருக்கா. பழைய போட்டோ, கொஞ்சம் வீடியோ, பாட்டு. எல்லாம் இந்தப் பொட்டியிலதான். வேற எங்கயும் எடுத்து வெக்கல. வெக்கணும்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் தெமிர்கானை வீட்டுக்குள்ள விடறேன்.

மண்டபத்துல ஓடுதோ ஓடலையோ, அது கூடக் கவலை இல்ல தம்பி. அந்தப் படத்தை என் தங்கச்சி பாக்கணும். சனிக்கிழமைக்கு முன்னாடி பாக்கணும். அதான் விஷயம்.

ஏன்னா என் மக ஒத்தக் கால்ல நிக்கறா. அத்தை வந்து கையப் பிடிச்சு வாசல் தாண்டி விட்டாத்தான் நான் கார்ல ஏறுவேங்கறா. அத்தையை அவ பாத்தது கூட இல்ல. போன்ல தேடிக் கண்டுபிடிச்சிருக்கா, இந்தக் காலத்துப் புள்ளைங்க செத்தவனையே கண்டுபிடிக்குதுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு என் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கறா. கார் வாசல்ல நிக்கும், பொண்ணு உள்ள உக்காந்திருக்கும். அவ சொன்னாச் செய்யறவ. எங்க அப்பா ரத்தம் அப்படியே இறங்கியிருக்கு.

அவராலதான் எல்லாம். என் தங்கச்சி ஒருத்தனை விரும்பினா. நல்ல பையன். குடிக்க மாட்டான், லாரி ஓட்டுவான். எங்க அப்பா அவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, டீ கொடுத்து, ஏழு பேரைச் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். அவரு விரல் விட்டு எண்ணிக்கிட்டே வந்தவரு ஆறாவது விரல்ல நின்னுட்டார். எங்க ஆறாவது தாத்தாவும் அவன் ஆறாவது தாத்தாவும் ஒரே ஆள். ஏழு தாண்டியிருந்தா ஒரு பேச்சும் இல்ல. ஒண்ணு குறைஞ்சுது. பங்காளியாப் போச்சு. அண்ணன் தங்கச்சி முறை, கட்டக்கூடாதுன்னுட்டார். இவ கட்டிக்கிட்டா. அன்னியோட சரி. அவ போட்டோ பூராத்தையும் அடுப்புல போட்டார். அவ பேரை அந்த வீட்டுல யாரும் சொல்லக்கூடாது. என் அம்மா, அவளைப் பத்திப் பேசணும்னா தொழுவத்துக்குப் போயி மாட்டுக்கிட்டப் பேசுவா.

இல்ல, அவரு இப்ப இல்ல. இலையுதிர் காலத்துல போயிட்டார். கடைசியில ஏதாவது சொல்வார்னு எல்லாரும் காதை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். மாட்டுக்கு வைக்கோல் போட்டாச்சான்னு கேட்டார். போட்டாச்சுப்பான்னேன். அவ்வளவுதான்.

காஞ்சிருச்சா? போடுங்க போடுங்க.

ம். இதேதான். கறுப்புல வெள்ளை எழுத்து. என்ன சொல்லுது அது? கிளம்பறதுக்கு டிஸ்க்கே காணோமா? கண்ணு முன்னாடி இருக்கேய்யா, பளபளன்னு. வயரை மாத்திப் பாக்கறீங்களா. பாருங்க. அப்பவும் கறுப்பு. இது என்ன நீலமா? எந்த டிஸ்க்குல முதல்ல தேடணும்ங்கற வரிசையா. சரி, புதுசை மேல ஏத்துங்க. ஏத்தியாச்சா? பேரெல்லாம் காட்டுதே! பாத்தீங்களா, டிஸ்க் இருக்குன்னு அதுக்குத் தெரியுது. இப்ப விடுங்க.

கறுப்பு.

அப்ப என்னதான் அதுக்கு வேணும்? ஓ... தெமிர்கான் சாமானை எல்லாம் ஏத்திட்டான், பொட்டியைத் தட்டி எழுப்பற துண்டு மட்டும் பழைய டிஸ்க்குலயே தங்கிடுச்சா. வீட்டைக் காலி பண்ணி லாரி நிறைய சாமான் ஏத்தினவன், வாசல் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலயே விட்டுட்டு வந்த மாதிரி. நல்லாச் சொல்றீங்க தம்பி. எனக்கே புரிஞ்சு போச்சு. இந்தப் பேச்சு யாருது, அப்பாவோடதா அம்மாவோடதா? அம்மாவோடதா. அப்படித்தான் நினைச்சேன். சும்மா, ஒரு யூகம்.

என்ன சொல்றீங்க? இந்த டிஸ்க்கைக் கழட்டி உங்க மெஷின்ல மாட்டி, படத்தை மட்டும் பென் டிரைவ்ல போட்டுத் தந்துடுவீங்களா? இப்பவேவா? வேணாம் வேணாம். அதுக்கு எதுக்கு சிரமம். இந்தப் பொட்டியையே கிளப்புங்க. இல்ல தம்பி, நம்பிக்கை இல்லாம இல்ல. அது சட்டுனு முடிஞ்சுடும், நான் எந்திரிச்சுப் போகணும். இவ்வளவு தூரம் வந்துட்டேன், கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேனே.

போனேன், ஏன் போகல. தங்கச்சி வீட்டுக்கு நேராவே போனேன். ரெண்டு வாட்டி. அந்தக் கதவுல ஒரு கண்ணு ஓட்டை இருக்கு பாருங்க. உள்ள காலடி கேட்டுச்சு. ஓட்டை கறுத்துச்சு. பாக்கறா. நான் தொப்பியக் கழட்டினேன், நல்லாத் தெரியட்டும்னு. உள்ள லைட்டை அணைச்சுட்டா. அண்ணன் வந்திருக்கேன்னு எப்படியோ சொன்னேன், கதவுகிட்ட. பக்கத்து வீட்டம்மா வந்து, அவங்க வீட்டுல இல்ல போலயேன்னு சொல்லுது. இருக்கான்னு எப்படிச் சொல்றது? இல்ல போலன்னுட்டு வந்துட்டேன். ரெண்டாவது வாட்டி, அடுப்புக்குத் தப்பிச்ச ஒரே ஒரு போட்டோ என்கிட்ட இருந்துச்சு, அதைக் கதவுக்கு அடியில தள்ளி விட்டேன். போட்டோ திரும்பி வரல. கதவும் திறக்கல. போன் பண்ணா ஒரு பொம்பளை, இந்த எண்ணைத் தொடர்பு கொள்ள முடியாதுங்கறா. நல்லவேளை என் மக அதுக்கு முன்னாடியே அந்தப் போட்டோவைப் பொட்டியில ஏத்தி வெச்சிருந்தா. இப்ப இதுல இருக்கறதுதான், வேற இல்ல.

பழைய டிஸ்க்கா? இருக்கே. இதோ, கோட்டு உள் பாக்கெட்டுல. கம்பளி சாக்ஸுக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். நீங்க கேக்கவே இல்லையே! என் மக சொல்லித்தான் விட்டா, கேட்டாக் கொடுங்கப்பான்னு. கேட்டாத்தான கொடுக்கறது. சிரிக்காதீங்க. சிரிச்சா உங்களுக்கு... சரி, சிரிங்க, நல்லாத்தான் இருக்கு.

ரெண்டையும் சேத்து மாட்டுவீங்களா. பழசுல கிளப்பிட்டு, அந்தத் துண்டைப் புதுசுல ஏத்திட்டா, அப்புறம் புதுசு தன்னாலயே எந்திரிச்சுக்குமா. சரி. மாட்டுங்க. வேணாம், ஒரு நிமிஷம். இருங்க. டீ குடிப்போமா முதல்ல? கெட்டில் சுட்டுக்கிட்டுதான இருக்கு. என் பொண்டாட்டி தன் கையால தயிரை உருட்டிக் காய வெச்ச குர்த் கொடுத்து விட்டிருக்கா, பவுர்சாக் கூட, தெமிர்கான் தின்னது போக மிச்சம் இல்ல, புதுசு. தின்னுங்க. கையத் துடைச்சுக்கிட்டு அப்புறம் அமுக்கலாம். டிஸ்க் எங்கயும் ஓடிடாது. எனக்கா? பயம்லாம் இல்ல. பயம்தான். கரகரங்கற டிஸ்க்கு, கிளம்புமோ கிளம்பாதோ. 

சரி. அமுக்குங்க.

வருது. வருதே... தம்பி, வந்துருச்சு! அந்தப் படத்தை ஓட விடுங்க.

ம்.

ஆமா. மோட்டார் பைக். பக்கத்துல தொட்டி வெச்சது. ஓட்டறது பொம்பளப் புள்ள, ரெட்டை ஜடை. தொட்டிக்குள்ள உக்காந்து பயத்துல கண்ணை மூடிக்கிட்டு ஒருத்தன் இருக்கான் பாருங்க, காது ரெண்டும் வெளிய. அது நான்.

உக்காரு. கீழ விழப் போற, உக்காரு. ஆமாடா, அது உங்க அம்மாதான். குல்யாஷ். வேற யாரு அந்தப் பைக்கை அந்த வேகத்துல ஓட்டுவா.

என்னது? இந்தப் போட்டோ வீட்டுல இருக்கா? இதேவா? எங்க? மாவு டப்பாவுக்குப் பின்னாடியா. கிழிக்கலையா? நீ கண்ணால பாத்தியா, கிழியாம இருக்கா? யாருன்னு கேட்டதுக்கு என்ன சொன்னா? கூடப் படிச்சவங்கன்னா. சரி. கூடப் படிச்சவன். பரவால்ல. ஐயோ, கிழிக்கலைல்ல. எனக்கு இது போதும். இரு, மூக்கைச் சிந்திக்கறேன். இந்த வயசுல கடையில உக்காந்து அழறேன் பாரு, வெளிய யாராவது பாத்தா டிஸ்க்குக்காக அழறான்னு நினைப்பாங்க.

ஆமா, தெரிஞ்சுதான் வந்தேன். தராஸ்ல கம்ப்யூட்டர் கடைக்கா பஞ்சம்? அக்போத்தாதான் உன் கடையையும் கண்டுபிடிச்சா. உண்மையச் சொல்லவா? பொட்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கிட்டு உன்கிட்ட கொண்டு வரலாம்னு பாத்தேன். நீ மாட்டுவ, திரையில அம்மா வருவா, நான் மெதுவா விஷயத்தைச் சொல்லலாம்னு. எந்த வயரைப் பிடுங்கினா உடையாதுன்னுதான் தெமிர்கான்கிட்ட சந்தேகம் கேக்கப் போனேன். அவன் டிஸ்க்கையே மாத்திட்டான்.

கோவப்படு. படாம என்ன. மாமன் செத்துட்டான்னு நம்பிக்கிட்டு இருந்தவன்கிட்ட மாமன் ஸ்டூல் போட்டு உக்காந்து டீ குடிச்சிருக்கேன். இத்தனை வருஷம் எங்க இருந்தேன்னு கேக்கற. கரத்தாவ்லதான் இருந்தேன். அந்த வீட்டுல. அதுக்கு மேல நல்ல பதிலா ஒண்ணு இருந்திருந்தா, அதையே கதவு ஓட்டையில சொல்லியிருப்பேனே.

ஒண்ணு மட்டும் கேளு. உனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க, மாமனே இல்லாதவனுக்கு எதுக்குச் சொல்லிக் கொடுக்கறதுன்னு விட்டிருப்பாங்க. தங்கச்சி மகன் தாய்மாமன்கிட்ட மூணு வாட்டி கேக்கலாம். எது வேணாலும். மாட்டேன்னு சொல்ல மாமனுக்கு வாய் கிடையாது. குதிரை கேப்பாங்க, வேட்டை நாய் கேப்பாங்க. அந்த மோட்டார் பைக்கே நான் எங்க மாமாகிட்ட கேட்டு வாங்கினதுதான். ஒரு வாரம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல, ஆனா சாவியக் கொடுத்துட்டார். உனக்கு நான் அப்படி ஒண்ணும் கொடுத்ததே இல்ல. மூணும் அப்படியே கிடக்கு. கேளு. சிவப்புக் குதிரை ஒண்ணு இருக்கு, நல்ல சாதி.

போயிடவா?

அதுதான் கேக்கறியா? யோசிச்சுக் கேளுடா. குதிரை வேணாமா?

சரி. போறேன். கேட்டுட்ட, மாட்டேன்னு சொல்ல முடியாது. கோட்டு எங்க போட்டேன்... இதோ. ஒரு விஷயம் தெரிஞ்சுக்க. வேற எவனாவது எந்திரிச்சுப் போன்னு சொல்லியிருந்தா இந்த ஸ்டூலை விட்டு அசைஞ்சிருக்க மாட்டேன். கரத்தாவ்ல யாரை வேணாலும் கேட்டுப் பாரு. நீ தங்கச்சி மகனாக் கேட்ட, நான் மாமனா எந்திரிச்சுட்டேன். அது ஒண்ணாச்சு. தள்ளு, நானே சுத்திக்கறேன். கம்பளியோட அந்த முனையை விடு.

விடுடா. என்ன?

பொட்டி இருக்கட்டுமா?

நான் மட்டும் போகணும், பொட்டி இருக்கணும். எதுக்குன்னு கேக்க மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவியா? இல்ல இல்ல, கேக்கலடா, கேக்கல. ஆனா அது ரெண்டாவது. சும்மா வெச்சுட்டுப் போன்னாலே வெச்சுட்டுப் போயிருப்பேன், இதுல போயி ஒண்ணை வீணாக்கிட்ட. பரவால்ல. எடுத்துக்க.

மூணாவதை இப்பக் கேக்காத. வீட்டுக்குப் போயி அந்தப் படத்தை அம்மா முன்னாடி ஓட விடு. முடிஞ்சதும் என்ன கேக்கணும்னு அவளைக் கேளு. அவ என்ன சொல்றாளோ, அதை சனிக்கிழமைக்குள்ள வந்து என்கிட்ட கேளு. இனிமே எங்க கண்ணுலயே படாதன்னு கேக்கச் சொன்னாலும் சரி, நீ வந்து கேளு. நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.